மாலுமியின் உரிமம் பிறந்த கதை

கப்பலியல் பட்டம் பெற்றவர் உடனே கப்பலைச் செலுத்தலாமா? கூடாது, தனியே உரிமம் வேண்டும். ஏன்?

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிரிட்டனில் உரிமையாளர் விரும்பிய எவரும் வணிகக் கப்பலின் தலைவராகலாம். கப்பற்சேதங்களை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, தலைவர்களின் திறமையின்மையும் குடிப்பழக்கமும் அவற்றுக்குக் காரணங்கள் என 1836-இல் சுட்டிக்காட்டியது. பல உயிர்கள் மடிந்த பின்னரே, 1850-ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாடு செல்லும் கப்பல்களில் புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரிகளுக்குத் தேர்வைக் கட்டாயமாக்கியது.

1978-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை உலகிற்கே பொது அளவுகோல் வகுத்தது. இன்றைய விதிப்படி, பெரிய கப்பலில் காவற்பொறுப்பேற்க விரும்புவோருக்கு, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியின் பகுதியாக 12 மாதக் கடற்பணி வேண்டும். அத்தகைய பயிற்சி இல்லையேல் 36 மாதங்கள்!

எனவே மாணவர்களே, பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்குமுன், அதில் கடற்பணியும் உரிமத்தேர்வும் அடங்குமா என்று கேட்டறியுங்கள்.