நியூஃபவுண்ட்லாந்து அவுட்போர்ட்டுகள்: குடிபெயர்வும் பேச்சு வழக்கும்

கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவின் கரையோர மீனவச் சிற்றூர்கள் அவுட்போர்ட் எனப்படும். பலவற்றுக்குச் சாலை கிடையாது, போக்குவரத்து படகில்தான் நடந்தது. காட் மீனைப் பிடித்து உப்பிட்டுக் காயவைத்து விற்பதே முதன்மைத் தொழிலாக இருந்தது.

தீவு 1949-இல் கனடாவுடன் இணைந்தது. சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கெல்லாம் பள்ளியும் மருத்துவமும் கொண்டுபோவது கட்டுப்படியாகாது என்று கருதிய மாகாண முதல்வர் ஜோசப் ஸ்மால்வுட்டின் அரசு, 1954-இல் குடிபெயர்வுத் திட்டத்தைத் தொடங்கியது. 1965-இல் நடுவண் அரசும் கைகோத்தது. குடும்பத்துக்கு 1,000 டாலரும் தலைக்கு 200 டாலரும் தரப்பட்டன. 1975-க்குள் ஏறத்தாழ 300 ஊர்கள் காலியாயின. 30,000 பேர் வரை இடம்பெயர்ந்தனர்.

இது விருப்பத்தின்பேரில் நடந்ததென்று ஆவணங்கள் சொல்லும். தொடக்கத்தில் ஊரார் அனைவரின் ஒப்புதலும் தேவைப்பட்டது. பின்னர் அது 90 விழுக்காடாகவும், 80 ஆகவும் தளர்ந்தது. ஆசிரியரும் பாதிரியாரும் போய்விட்ட ஊரில், கிளம்பத் துடிக்கும் அண்டை வீட்டாருக்கு நடுவே மறுத்து நிற்பது எத்தனை பேரால் முடியும்? பலர் வீட்டையே பெயர்த்துக் கடலில் மிதக்கவிட்டுப் படகால் இழுத்துச் சென்றனர். கல்லறைகளைக் கொண்டுபோக வழியில்லை. புதிய இடத்தில் நல்ல மீன்பாடுள்ள இடங்கள் முன்பே பிறர் கையில் இருந்ததால், பிளசென்ஷியா விரிகுடாவினர் சிலர் கோடைதோறும் பழைய ஊருக்கே தொழிலுக்குத் திரும்பினர்.

அவுட்போர்ட் மக்களின் முன்னோர் பெரும்பாலும் இங்கிலாந்தின் டெவன், டார்செட் பகுதிகளிலிருந்தும், அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். ஒதுங்கிக் கிடந்ததால் பழைய பேச்சு நிலைத்தது. 'ஐ கோஸ்' எனத் தன்மை, முன்னிலை, படர்க்கை எல்லாவற்றுக்கும் ஒரே வினைவடிவம் வருவது தென்மேற்கு இங்கிலாந்தின் எச்சம். 'ஐம் ஆஃப்டர் லூசிங் இட்' என்றால் 'இப்போதுதான் தொலைத்தேன்' என்று பொருள். இது ஐரிஷ் மொழியின் வார்ப்பு. கடலைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்குச் சொல்லும் கடலிலிருந்தே பிறந்தது: ஒடுங்கிய நீர்வழி 'டிக்கிள்', மீன் காயவைக்கும் பரண் 'ஃபிளேக்', நீருக்குள் மறைந்திருக்கும் பாறை 'சங்கர்'.

பல ஊரார் ஓரிடத்தில் கலந்தபோது ஊருக்கூர் இருந்த பேச்சு வேறுபாடுகள் மங்கின. பழியைக் குடிபெயர்வுத் திட்டத்தின்மேல் மட்டும் போடுவது சரியல்ல. பள்ளி, சாலை, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஸ்டோரி, கிர்வின், விடோசன் ஆகியோர் தொகுத்த நியூஃபவுண்ட்லாந்து ஆங்கில அகராதி 1982-இல் வெளிவந்தபோது, அச்சொற்கள் புழங்கிய ஊர்கள் பலவற்றில் ஆளில்லை.

1992-இல் காட் மீன்பிடிக்குத் தடை வந்தபின் எஞ்சிய ஊர்களும் தேயலாயின. அவற்றில் ஒன்றான லிட்டில் பே ஐலண்ட்ஸ் ஊருக்கான மின்சாரமும் படகுச் சேவையும் 2019 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டன.