டிரங்குப் பெட்டியும் மாங்காய்ப் பூட்டும்

பேத்தி கல்லூரி விடுதிக்குப் போகிறாள். உபயோகமாக ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று யோசித்தபோது, நான் பி.யூ.சி. சேர்ந்த 1972 நினைவுக்கு வந்தது.

அப்போது பிளஸ் டூ கிடையாது. அது 1978-ல் வந்தது. பதினோராம் வகுப்பு முடிந்ததும் பி.யூ.சி.தான். திண்டுக்கல்லில் ஜி.டி.என். கல்லூரி தொடங்கியது 1964-ல். அதற்கு முன் நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் மதுரைக்குத்தான் போனார்கள். அங்கே 1881-லிருந்து அமெரிக்கன் கல்லூரி, 1949-லிருந்து தியாகராசர் கல்லூரி. அந்தப் பழக்கத்தில் என்னையும் அப்பா மதுரைக்கே அனுப்பினார்.

விடுதிக்குப் போகிறவனுக்கு வீட்டில் தருவது தகர டிரங்குப் பெட்டி. உள்ளே வேட்டி, துண்டு, எவர்சில்வர் தட்டு, சோப்பு டப்பா, மைப் பேனா, அம்மா சுட்ட முறுக்கு. மேலே ஒரு மாங்காய்ப் பூட்டு. பூட்டில்லாமல் பெட்டி கொடுத்தால் நம் ஊரில் சிரிப்பார்கள்!

நமது பக்கம் வானம் பார்த்த பூமி. விவசாயத்தை மட்டும் நம்ப முடியாத குடும்பங்களுக்குப் பட்டறைத் தொழில் சோறு போட்டது. பூட்டுக்குள் லீவர் என்னும் தகடுகள் இருக்கும். சாவியின் பல் ஒவ்வொன்றும் தனக்குரிய லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். சாவியை அரத்தால் ராவி அந்தந்தப் பூட்டுக்கென்றே கையால் செய்வார்கள். அதனால்தான் ஒன்றின் சாவி மற்றொன்றில் சேராது. பிறகு அலிகாரின் இயந்திரப் பூட்டுகள் மலிவாக வந்தன. பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே மாதம்தான். பெருமைதான், ஆனால் பிள்ளைகள் அந்த வேலைக்கு வர வேண்டுமே.

என் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை அப்பா சாமி மாடத்தில் வைத்துக்கொண்டார். முதல் மாதமே என் சாவியைத் தொலைத்தேன். கடிதம் போட்டேன். அப்பாவே சாவியோடு வந்து, பெட்டியைத் திறந்தார். வேட்டிக்கு அடியில் ஒரு சிகரெட் பாக்கெட். எனக்கு உடம்பு நடுங்கியது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியை மூடி, சாவியை என் கையில் வைத்து, "இனி இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அந்தப் பாக்கெட்டை அன்றே தூக்கி எறிந்தேன். இன்றுவரை தொடவில்லை.

பேத்திக்கு விடுதி அலமாரிக்கென்று ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கிவிட்டேன். "ஒரு சாவி நம்மகிட்ட இருக்கட்டும்பா" என்றான் மகன். கேட்கவில்லை. இரண்டையும் அவளிடமே கொடுத்து, ஒன்றைத் தோழியிடம் கொடுத்து வைக்கச் சொன்னேன். "பூட்டினதும் ஒருமுறை இழுத்துப் பாரும்மா" என்று மட்டும் சொன்னேன். அது என் அப்பா சொன்னது.