மஞ்சள் வைரம்

மஞ்சள் வைரம், படிகத்துக்குள் கலந்த நைட்ரஜன் அணுக்களால் நிறம் பெற்ற இயற்கை வைரம். வெள்ளொளியின் நீலப் பகுதியை நைட்ரஜன் உறிஞ்சிவிடுவதால் எஞ்சிய ஒளி மஞ்சளாகத் தெரிகிறது. வெளிர் மஞ்சள் கற்கள் மலிந்து கிடைக்கும். அடர் மஞ்சள் அரிது.

மதுரையில் இக்கல்லின் மதிப்பு காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் நடக்கும் மணிக் கடைவீதி, தமிழில் கிடைக்கும் மிகச் செறிவான இரத்தினப் பட்டியல். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் குற்றங்கள் நீங்கிய, நால்வகை வருணத்து வைரங்கள் அங்கே விற்பனைக்கு உள்ளன. நால்வகை பேசும் இரத்தின நூல்கள் சில, வெள்ளையை அந்தணர்க்கும் சிவப்பை அரசர்க்கும் மஞ்சளை வணிகர்க்கும் உரியதாக்கின. ஆக, மஞ்சள் குற்றமாகக் கருதப்படவில்லை. அது ஒரு வகை. ஆனால் பொன்னிறத்தின் அழகை இளங்கோவடிகள் வைரத்துக்குத் தரவில்லை. பூச விண்மீனும் தெளிந்த பொன்னும் உவமையாவது புருடராகத்துக்குத்தான். மதுரைக்காரர் மனத்தில் அந்த இடம் இன்றும் அதற்கே. புருடராகத்தின் இன்றைய பெயர் கனக புஷ்பராகம்; வியாழனுக்குரிய கல்லாக ஆள்காட்டி விரலில் அணியும் அது வைரமன்று, குருந்தம். கடினத்தன்மை 9, வைரத்துக்கு 10.

மஞ்சளின் மதிப்பைக் குலைத்தது தென்னாப்பிரிக்கா. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கிருந்து மஞ்சளோடிய கற்கள் குவிந்தன. அதே நாட்டின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கம் தந்த நீலச் சாயல் வெள்ளைக் கற்களின் பெயர் தமிழ்நாட்டில் ‘புளூ ஜாகர்’ என்று நிலைத்தது. தோட்டுக்கும் மூக்குத்திக்கும் அதையே தேடினார்கள். மஞ்சளடித்த கல் இரண்டாந்தரமாயிற்று. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகள் இருக்கும் மதுரையில் இத்தீர்ப்பு எளிதில் மாறாது. எனினும் அடர் மஞ்சளை அதே தராசில் நிறுப்பது தவறு. வெளிர் மஞ்சள் ஏறஏற விலை இறங்கும். குறிப்பிட்ட அடர்த்தியைத் தாண்டியதும் நிறத்துக்காகவே விலை ஏறும்.

புகழ்பெற்றவற்றுள் முதலில் சொல்லவேண்டியது டிஃபனி வைரம். 1877இல் கிம்பர்லியில் கிடைத்தபோது 287.42 காரட். பட்டை தீட்டியபின் எஞ்சியது 128.54 காரட், பட்டைகள் 82. எடையில் பாதிக்குமேல் இழந்து ஒளியைத் தேர்ந்த துணிவே அக்கல்லின் பெருமை. 1888இல் கிடைத்த வெளிர் மஞ்சள் டி பியர்ஸ் வைரம் (234.65 காரட்) பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்காக 1928இல் கார்ட்டியே செய்த கழுத்தணியின் நடுக்கல்லானது. இந்தியாவிலிருந்து சென்றதாகக் கருதப்படும் ஃபுளோரன்டைன் (137 காரட்), முதல் உலகப்போருக்குப் பின் தொலைந்ததாகவே நம்பப்பட்டது. அது கனடாவில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருப்பதை அதை உடைமையாகக் கொண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தார் 2025இல் வெளிப்படுத்தினர்.