எட்டால் வகுப்பதா, பத்தால் வகுப்பதா?

செமினார் ஒண்ணுக்காக ரெண்டு வாரமா பழைய ஸ்டாண்டர்டுகளைத் தோண்டிக்கிட்டு இருந்தேன். கிடைச்ச கதை நல்லா இருந்ததால இங்கயும் போடுறேன். கணக்கு கொஞ்சம் வரும், பயப்படாதீங்க :-)

கேள்வி சின்னதுதான். ஒரு வங்கியோட டிஸ்க் எல்லாம் ஊருக்கு வெளியே இன்னொரு கட்டடத்திலும் அப்படியே பிரதி ஆகணும். டிஸ்க் பக்கம் முதல் தலைமுறை ஃபைபர் சேனல். அந்த ஆள் "செகண்டுக்கு 100 மெகாபைட்" என்பார். ஆப்டிகல் லைன் வாடகைக்கு விடுறவர் "ஒரு எஸ்டிஎம்-1, 155.52 மெகாபிட்" என்பார். பைட்டுக்கு எட்டு பிட், ஆக 800 மெகாபிட். அஞ்சு லைனுக்குக் கொஞ்சம் மேல வருது. அஞ்சே போதும்னு ஒருத்தர் வாங்கிட்டா, வேலை மும்முரமான நேரத்துல பிரதி பின்தங்கும். அப்போ முதல் கட்டடம் எரிஞ்சா, வந்து சேராத கணக்கு போனதுதான்.

சரி, ரெண்டு பேரும் ஏன் ரெண்டு பாஷை பேசுறாங்க?

லைன்காரர் டெலிபோன் வம்சம். மனுஷக் குரலை செகண்டுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவுக்கும் 8 பிட் கொடுத்தால் 64 கிலோபிட். நான் படிக்கிற இதே சிகாகோவில் 1962-ல் பெல் கம்பெனி டி1 என்று ஒன்றை ஓடவிட்டது. 24 குரல், கூட அடையாளத்துக்கு ஒரு பிட், மொத்தம் 193. அதை 8000-ஆல் பெருக்கினால் 1.544 மெகாபிட். இந்த வேகத்துக்குப் பின்னால் மேன்ஹோல் இருக்கு! நகரத்துச் செம்புக் கம்பியில் ஏற்கனவே சுமார் 6000 அடிக்கு ஒரு காயில் வைத்திருந்தார்கள். அந்தக் குழிகளிலேயே ரிப்பீட்டரை வைக்க வேண்டும், அந்த 6000 அடியைக் கம்பி தாங்க வேண்டும். ஐரோப்பாக்காரர்கள் 32 சேனல் போட்டு 2.048 என்று தனி வழி போனார்கள்.

பிறகு கண்ணாடி இழை வந்தது. ரெண்டு கண்டமும் ஒத்துப்போகணுமே? அமெரிக்கர்கள் முதலில் 13 வரிசை ஃபிரேம் கேட்டார்கள், ஐரோப்பியர்கள் 9 கேட்டார்கள். 1988-ல் 9 ஜெயித்தது. 9 வரிசையில் டி1 மூன்று பத்தியில் அடங்கும், ஐரோப்பிய லைன் நாலு பத்தியில் அடங்கும். அழகான சமரசம். எஸ்டிஎம்-1 என்பது 9 வரிசை, 270 பத்தி; அதே பழைய 8000 தடவை. 9 x 270 x 8 x 8000 = 155.52 மெகாபிட். இதில் 10 பத்தி நிர்வாகச் செலவு. சரக்குக்கு மிஞ்சுவது 149.76.

டிஸ்க்காரர் வேற வம்சம். 1986-ல் ஸ்டாண்டர்டு ஆன ஸ்கசியில் எட்டு டேட்டா கம்பி பக்கத்துல பக்கத்துல ஓடும், ஒரு துடிப்புக்கு ஒரு பைட். அவங்க பைட்டுல எண்ணாம வேற எதுல எண்ணுவாங்க? கேபிளை நீட்ட வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் பிட்டுகளை வரிசையில் நிறுத்தினார்கள். தொடர்ந்து பூஜ்யமாகவே வந்தால் எதிர்ப்பக்கம் தாளம் தவறிவிடும். அதற்கு ஐபிஎம்மின் விட்மரும் ஃபிரானஸ்ஸெக்கும் 1983-ல் வெளியிட்ட வழிதான் 8பி/10பி: எட்டு பிட்டைப் பத்து பிட்டாக்கி அனுப்பு. 1990-ல் வந்த எஸ்கான் இழையில் ஓடியது 200 மெகாபிட். பத்தால் வகுத்து 20 மெகாபைட்.

டெலிபோன்காரர்கள் அதே பிரச்சினையை ஒரு பிட் கூட சேர்க்காம, இருக்கிற பிட்டையே கலைத்துப்போட்டுத் தீர்த்தார்கள். அதனால்தான் இவருக்கு எட்டு, அவருக்குப் பத்து.

இப்ப நம்ம வங்கிக்கு வருவோம். ஃபைபர் சேனல் இழையில் ஓடுவது 1.0625 கிகாபிட். அந்தப் பத்தில் எட்டு எடுத்தால் 850 மெகாபிட். 100 மெகாபைட் என்பது ஃபிரேம் செலவு போக டிஸ்குக்குக் கிடைப்பது. ஆனா லைன் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் சுமக்கணும். 850-ஐ 149.76-ஆல் வகுத்தால் 5.68, ஆக ஆறு லைன். பத்து பிட்டை அப்படியே சுமக்காமல் பிரித்துக் கட்டி அனுப்பும் முறையை ஐடியு 2001-ல்தான் கொண்டுவந்தது. அது இல்லாமல் 1062.5-ஐயும் சுமந்திருந்தால் எட்டு!

இந்தச் சண்டை 2002-லும் தீரலை. 10 கிகாபிட் ஈதர்நெட்டுக்கு ஸ்டாண்டர்டு எழுதும்போது ஈதர்நெட் கூட்டம் முழுசா பத்து கேட்டது. டெலிபோன் கூட்டத்தின் பெட்டிகள் 9.95328-ல் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் ரெண்டையும் எழுதி வைத்தார்கள். டெலிபோன் வகையில் செலவெல்லாம் போக டேட்டாவுக்குக் கிடைத்தது 9.29 கிகாபிட்டுதான். பெட்டிக்கு மேல என்னவோ ரெண்டுக்கும் பத்துன்னுதான் எழுதியிருக்கும்.