கினிப்பன்றியும் திருவள்ளூர் மண்ணும்: பி.சி.ஜி. சோதனை குறித்து ஒரு மீள்பார்வை

மனித நோயை விலங்கின் உடலில் உண்டாக்கி ஆராயும் முறையே விலங்கு மாதிரி எனப்படுகிறது. காசநோயில் அந்த இடத்தை 1882-இல் ராபர்ட் கோக் காசக் கிருமியைக் கண்டறிந்த நாள்தொட்டே கினிப்பன்றி பெற்றிருக்கிறது. மிகச் சில கிருமிகளுக்கே நோயுற்று விழும் அவ்விலங்குக்கு, காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. நல்ல பாதுகாப்பு அளித்தது.

எனினும் 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த பகுதிகளில், தொடங்கிய பெருஞ்சோதனையில் 2,80,000-க்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற போலி ஊசியோ போடப்பட்டு, 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்ட பின்னும், வயது வந்தோரிடம் நுரையீரல் காசநோய்க்கு எதிரான பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை.

முரண்பாட்டின் அறிகுறி முன்னரே தெரிந்திருந்தது. சென்னையில் 1956-இல் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் நோயாளிகளிடமிருந்து பெற்ற கிருமிகளை டெனிஸ் மிச்சிசனும் அவர் குழுவினரும் கினிப்பன்றிகளின் தொடைத் தசையில் செலுத்தி, வாரங்கள் சில கழிந்ததும் அறுத்து, மண்ணீரல், கல்லீரல், நுரையீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் நோய் எவ்வளவு பரவியது என மதிப்பெண்ணிட்டனர். பிரிட்டன் நோயாளிகளின் கிருமிகளைவிடத் தென்னிந்தியக் கிருமிகளில் பல வீரியம் குறைந்தவை என்று 1960-இல் அவர்கள் அறிவித்தனர். ஆனால் அதே கிருமிகள் சென்னை நோயாளிகளின் நுரையீரலைக் குழிவிழச் செய்திருந்தன. விலங்கில் அளந்த வீரியம் மனிதரில் நோயின் கடுமையை அப்படியே சொல்லிவிடாது என்பதை இது காட்டுகிறது.

ஆயினும் விலங்கு மாதிரியையே பழிப்பது முறையன்று. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய் உண்டாக்காத உறவுக் கிருமிகளான சூழல் மைக்கோபாக்டீரியாக்களைக் கினிப்பன்றிகளுக்கு முதலில் தொற்றச் செய்தால், அவையே ஓரளவு பாதுகாப்பு தருவதையும், பின்னர் போடும் பி.சி.ஜி. அதனால் கூடுதல் பயன் காட்ட முடியாமற் போவதையும் பாமர், லாங் என்ற ஆய்வாளர்கள் 1966-இலேயே, அதாவது சோதனை தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, காட்டியிருந்தனர். சோதனைப் பகுதியின் மண், நீர், தூசி ஆகியவற்றில் இக்கிருமிகள் இருப்பதைச் சென்னை ஆய்வாளர்கள் 1994-இல் உறுதிசெய்தனர். பி.சி.ஜி. தோல்விக்கு இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கங்களுள் இது ஒன்று. எல்லாவற்றையும் இதுவே விளக்கிவிடும் என்று கொள்ள இயலாதெனினும், தூய கூண்டில் வளர்ந்த விலங்கின் முடிவை, சேற்றிலும் நீரிலும் வாழ்நாள் கழிக்கும் மக்களுக்கு அப்படியே ஏற்றியதே பிழை என்பதை இது உணர்த்துகிறது.

அதே திருவள்ளூர் மாவட்டத்தில், திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காட்டு ஏரியில் வலை வீசுவோரும், இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும் அத்தகைய மக்களே. ஆகவே, புதிய காசநோய்த் தடுப்பூசி எதுவும் இவ்வேரிக்கரை ஊர்களுக்கு வருமுன், இவ்வேரியின் சேற்றிலும் நீரிலும் உள்ள மைக்கோபாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்குப் பழக்கப்பட்ட விலங்குகளில் அத்தடுப்பூசியைச் சோதிக்க வேண்டும். அச்சோதனையைக் கடக்காத தடுப்பூசிக்கு இம்மக்களின் உடலைச் சோதனைக்களமாக்குவதை ஆய்வு நிறுவனங்கள் ஏற்கலாகாது.