வடக்குக்குக் கொம்பு முளைத்த கதை

ஓர் அஞ்சலட்டை அளவு இருக்கும். கனம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மரத்தை மெல்லச் சீவி, அதன்மேல் கரி மையால் லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் வட பகுதியில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில், 1973 முதல் இப்படிப்பட்ட சீவல்கள் ஈரமண்ணிலிருந்து நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. பெரும்பாலும் அன்றாடச் சங்கதிகள்: பிறந்தநாளுக்கு வரச்சொல்லும் அழைப்பு, தானியக் கணக்கு, காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருப்பதாக ஒரு கடிதம். நடுவே ஒன்று மட்டும் எதிரியைப் பற்றிய குறிப்பு. பிரிட்டன்காரர்களுக்குக் கவசம் கிடையாது. குதிரைப்படை ஏராளம். ஆனால் குதிரைவீரர்கள் வாள் வீசுவதில்லை. குதிரைமேல் ஏறி உட்கார்ந்து ஈட்டி எறிவதும் இல்லை. எழுதியவர் அவர்களை ‘பிரித்துன்குலி’ என்கிறார். பிரிட்டன் பயல்கள் என்று சொன்னால் தொனி சரியாக வரும்.

கணினியில் வியூக விளையாட்டு ஆடிப் பழகியவர் எவரும் இதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். இது ஒரு யூனிட் கார்டு. கவசம் பூஜ்யம், எண்ணிக்கை அதிகம், வேகம் உண்டு, கட்டுப்பாடு இல்லை. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு ரோமானிய அதிகாரி எழுதிவைத்த அந்த அட்டையைத்தான் இன்றும் கேம் டிசைனர்கள் திருப்பித் திருப்பி நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கற்பனை உலகில் நடக்கும் வியூக விளையாட்டு எதையும் திறந்து பாருங்கள். வரைபடத்தின் உச்சியில் வெண்மையாக ஒரு நிலம் இருக்கும். அங்கே தாடியும் கோடரியும் தோலாடையுமாக ஒரு முரட்டு ராஜ்யம். முதல் ஐம்பது சுற்றுகளில் அதை யாராலும் அசைக்க முடியாது. அதன்பிறகு மெல்லத் தேய்ந்துபோகும். கொள்ளையடித்தால் கூடுதல் பொன், மதில் கட்டத் தெரியாது, பள்ளிக்கூடம் கிடையாது, பனியில் நடந்தால் களைப்பு வராது. இந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், பெரும்பாலும் ஒரு தெற்கத்திக்காரரின் மேசைமுன் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

‘பார்பரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு முதலில் காட்டுமிராண்டி என்ற பொருளே இல்லை. கிரேக்கர் காதுக்கு ‘பர் பர்’ என்று கேட்கும் மொழியைப் பேசுகிறவன், அவ்வளவுதான். சங்கப் புலவர்களும் வேங்கடத்துக்கு அப்பால் கிடந்ததை மொழிபெயர் தேயம் என்றார்கள். அங்கே திரியும் வடுகரையும் அவர்களுடைய வேட்டை நாய்களையும் கொஞ்சம் அச்சத்தோடுதான் பாடினார்கள். மொழி மாறுகிற இடத்தில் பயம் தொடங்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

கி.பி. 98இல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஜெர்மானியரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ரைன் நதிக்கு அப்பால் அவர் கால்வைத்தார் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. ஜெர்மானியர்களுக்கு நகரங்கள் கிடையாது, வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டமாட்டார்கள் என்கிறார். கூடவே அவர்களுடைய கற்பையும் எளிமையையும் ஒரேயடியாகப் புகழ்கிறார். அந்தப் புகழ்ச்சி ஜெர்மானியருக்காக எழுதப்பட்டதல்ல; தம் ஊர்ப் பணக்காரர்களுக்கு உறைக்கட்டும் என்று எழுதியது. ‘வீரமுள்ள, ஊழலற்ற முரடன்’ என்ற பாத்திரம் அங்கேதான் உருப்பெறுகிறது. 2004இல் வந்த ‘ரோம்: டோட்டல் வார்’ விளையாட்டில் கால், ஜெர்மானியா போன்ற தரப்புகளால் கல் மதில் எழுப்ப முடியாது, அவர்களுடைய ஊர்கள் ஓரளவுக்குமேல் வளரவும் செய்யாது. டாசிட்டஸ் போட்ட தடை, நிரலுக்குள் அப்படியே குடியேறிவிட்டது.

அடுத்த பெரிய வார்ப்பு 793 ஜூன் மாதம். வடகிழக்கு இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தை வடக்கிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் சூறையாடினார்கள். அப்போது ஃபிராங்க் மன்னர் சார்லமேனின் அரசவையில் இருந்த யார்க் நகரத்து அறிஞர் ஆல்குவின், நார்தம்ப்ரியா மன்னருக்குக் கலங்கிப்போய் ஒரு கடிதம் எழுதினார். இப்படியொரு பயங்கரத்தை பிரிட்டன் கண்டதில்லை என்று புலம்புகிற அதே கடிதத்தில் ஓர் இடம் விசித்திரமானது: உங்கள் தலைமுடியையும் தாடியையும் பாருங்கள், அந்தப் புறச்சமயத்தாரைப் போலவே வெட்டிக்கொண்டு அலைகிறீர்களே என்று மன்னரைக் கடிந்துகொள்கிறார். அப்படியானால் தாக்குதலுக்கு முன்பே வடக்கத்தி முடிவெட்டு இங்கிலாந்து அரண்மனையில் நாகரிகமாக இருந்திருக்கிறது! வந்தவர்கள் முன்பின் தெரியாத பூதங்கள் அல்லர். பார்த்துப் பழகி, பாணியைக் காப்பியடித்த அண்டை வீட்டார்.

முடி என்றதும் சீப்பைச் சொல்லியாக வேண்டும். டென்மார்க்கின் ரீபே, ஸ்வீடனின் பிர்கா, இங்கிலாந்தின் யார்க் என்று வைக்கிங் கால ஊர்களைத் தோண்டுகிற இடமெல்லாம் சீப்பு கிடைக்கிறது. மான்கொம்பைச் சிறு தகடுகளாக அறுத்து வரிசையாக நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் நீளமான பட்டை வைத்துத் தறையாணி அடிப்பார்கள். பற்களை அறுப்பது கடைசியில்தான். அதனால் பல சீப்புகளில் வாளரம் சற்றே தாண்டிப்போய்ப் பக்கப் பட்டையில் விழுந்த கீறல் இன்றைக்கும் தெரியும். டேனியர்கள் தினமும் தலைவாரி, சனிக்கிழமைதோறும் குளித்து, அடிக்கடி உடை மாற்றி நம் பெண்களை மயக்கிவிட்டார்கள் என்று 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் துறவி ஒருவரின் பெயரில் வழங்கும் வரலாற்று நூல் குமைகிறது. ஐஸ்லாந்து மொழியில் சனிக்கிழமைக்கு இன்றும் ‘குளிக்கும் நாள்’ என்றே பெயர். ‘சனி நீராடு’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

மறுதரப்பும் உண்டு. 922இல் பாக்தாத் கலீஃபாவின் தூதுக்குழுவில் சென்ற இப்னு ஃபட்லான், வோல்கா நதிக்கரையில் வடக்கிலிருந்து வந்த ரூஸ் வணிகர்களைக் கண்டார். ஈச்சமரம்போல் உயரம், கால்விரல் முதல் கழுத்துவரை பச்சைக் கோலம், ஆளுக்கொரு கோடரி, வாள், கத்தி. உலகிலேயே அழுக்கான மனிதர்கள் என்று தீர்ப்பும் எழுதினார். காரணம், காலையில் ஒரே பாத்திரத்துத் தண்ணீரில் வரிசையாக எல்லோரும் முகம் கழுவியதுதான். தொழுகைக்கு முன் ஓடும் நீரில் ஒளுச் செய்து பழகியவருக்கு அது குமட்டாமல் என்ன செய்யும்? ஆனால் அவரே சொல்கிறார்: அந்தத் தண்ணீரில்தான் தினமும் தலையை வாரினார்கள். பழித்தவர் வாயிலிருந்தும் சீப்புதான் வந்து விழுகிறது.

சரி, கொம்பு? 1876இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் ரிச்சர்ட் வாக்னரின் ‘நீபெலுங் மோதிரம்’ இசைநாடக வரிசை முதன்முறையாக முழுமையாக அரங்கேறியது. ஆடை வடிவமைத்தவர் கார்ல் எமில் டோப்ளர். அதற்குமுன் சில ஓவியங்களில் தலைகாட்டியிருந்த கொம்புத் தலைக்கவசத்தை அவர் மேடையேற்றினார். அடுத்த தலைமுறைக்குள் கொம்பில்லாத வைக்கிங்கை யாராலும் நினைக்க முடியாமல் போயிற்று. 1943இல் நார்வேயின் கியெர்முண்ட்பு பண்ணையில் பத்தாம் நூற்றாண்டுத் தலைக்கவசம் ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. ஒட்டிப் பார்த்தால் வட்டமான இரும்புத் தொப்பி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடிபோல் ஒரு காப்பு. கொம்பும் இல்லை, இறக்கையும் இல்லை. அதற்கு ஓராண்டு முன்பு டென்மார்க்கின் வெக்சோ அருகே சதுப்பில் கொம்புவைத்த வெண்கலத் தலைக்கவசங்கள் இரண்டு கிடைத்தது உண்மைதான். ஆனால் அவை கி.மு. 900ஐ ஒட்டியவை. வைக்கிங்குகளுக்கும் அவற்றுக்கும் இடையே ஏறக்குறைய 1700 ஆண்டு.

இதெல்லாம் தெரிந்த டிசைனரும் கொம்பை விடமாட்டார். அதில் நியாயமும் இருக்கிறது. வியூக விளையாட்டில் வீரன் திரையில் கட்டைவிரல் நகம் அளவுதான். ஆயிரம் பேர் மோதும்போது எது யாருடைய படை என்று அரை நொடியில் தெரிய வேண்டும். வெளிக்கோடு பேச வேண்டும். அந்த வேலைக்குக் கொம்பைப்போல் கெட்டிக்காரத்தனமான கண்டுபிடிப்பு வேறில்லை. டோப்ளருக்கும் அதே தேவைதானே இருந்தது, கடைசி வரிசை ரசிகருக்குத் தெரிய வேண்டுமென்று.

தோற்றம் நாடக மேடையிலிருந்து வந்தது என்றால், குணம் டெக்சாஸிலிருந்து வந்தது. கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் எண்ணெய் கண்டெடுத்தபின் குவிந்த கூட்டத்தையும் அடாவடியையும் பார்த்து வளர்ந்த ராபர்ட் ஈ. ஹோவர்டுக்கு நாகரிகம் என்ற சொல்மீதே கசப்பு. 1932 டிசம்பரில் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் அவருடைய கோனன் முதலில் தோன்றினான்; சிம்மேரியா என்ற இருண்ட வடநாட்டுக்காரன், சூழ்ச்சி நிறைந்த தெற்கு நகரங்களில் வாளோடு அலைபவன். டாசிட்டஸ் ரோமானியரைக் குத்த எடுத்த அதே ஊசி. ஹோவர்டு 1936இல், முப்பது வயதில் இறந்துபோனார். கோனன் மட்டும் காகித அட்டைப் பதிப்புகளிலும் 1982 திரைப்படத்திலும் வளர்ந்துகொண்டே போனான். அதே 1982இல் கேரி கைகாக்ஸ் தம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்கு ‘பார்பேரியன்’ என்ற வகுப்பை எழுதினார். அந்தப் பாத்திரத்துக்கு மந்திரம் என்றால் ஆகாது. மந்திரவாதிகளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். முரடன் என்றால் படிப்பின் எதிரி என்பது அப்போது விளையாட்டு விதியிலேயே ஏறிவிட்டது.

அதன்பின் வரிசையாக வந்தன. 1995இன் ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்’கில் பார்பேரியன் தலைவனின் படையில் பூதங்களும் ஓநாய்களும் ஒற்றைக்கண் அரக்கர்களும்தான், மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. 1999இன் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ சற்றே நேர்மையானது. வைக்கிங்குகளுக்குத் தானாகக் காயம் ஆறும் ‘பெர்செர்க்’ வீரனைக் கொடுத்தது, சரி. கூடவே தள்ளுவண்டித் தொழில்நுட்பத்தையும் செலவில்லாமல் கொடுத்தது. வெற்றி பெறுகிற ஆட்டக்காரர் அந்தத் தள்ளுவண்டியைத்தான் நம்புவார். உழவும் சுமையும் நன்றாக நடந்தால்தான் கோடரிக்கு ஆள் சேரும் என்பது விதியிலேயே ஒளிந்திருந்தது.

‘டோட்டல் வார்: வார்ஹேமர்’ விளையாட்டில் 2017இல் சேர்ந்த நார்ஸ்கா தரப்பு இந்த வழியின் உச்சம். பிடித்த ஊரைத் தரைமட்டமாக்கி நான்கு கொடுந்தெய்வங்களில் ஒன்றுக்குப் படையல் போடலாம். அந்தத் தெய்வத்தின் அருள் ஏறும். கம்பளி யானையும் பனிப்பூதமும் படையில் உண்டு. ஆட ஆனந்தமாகத்தான் இருக்கிறது. வார்ஹேமர் உலகத்தைப் படைத்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது நாட்டிங்ஹாமில். 867இல் டேனியப் பெரும்படை புகுந்து குளிர்காலத்தைக் கழித்த ஊர் அது. பிற்பாடு டேனியர் ஆண்ட ஐந்து நகரங்களில் ஒன்றாகவும் இருந்தது. அந்நகரின் வீலர் கேட், ஃப்ளெட்சர் கேட் தெருக்களில் வாயில் எதுவும் இல்லை. அந்த ‘கேட்’, தெருவைக் குறிக்கும் ‘காத்தா’ என்ற நார்ஸ் சொல். வந்தவர்கள் எரித்துவிட்டு மட்டும் போகவில்லை. தங்கி, தெருப்போட்டு, பெயரும் வைத்தார்கள்.

848இல் வைக்கிங்குகளிடம் வீழ்ந்த இன்னொரு நகரம் பிரான்ஸின் போர்தோ. அங்கேயுள்ள ஷிரோ கேம்ஸ் 2018இல் முழுமையாக வெளியிட்ட ‘நார்த்கார்ட்’ விளையாட்டில் முதல் எதிரி குளிர்காலம். விறகும் உணவும் சேர்த்து வைக்காதவனை எதிராளி தாக்கவே தேவையில்லை. வணிகத்தாலோ ஞானத்தாலோகூட வெல்லலாம். வடக்கைக் கொள்ளைக்காரர்களின் கிடங்காகப் பார்க்காமல், குடியிருக்கும் இடமாகப் பார்த்ததில் வந்த வித்தியாசம் அது.

அந்தக் குடியிருப்பைச் சரியாகக் கட்டவேண்டுமென்றால் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஐஸ்லாந்தில் 930 முதல் ஆண்டுதோறும் கூடிய அல்திங் பேரவையில் சட்டம் சொல்பவர் என்று ஒருவர் இருந்தார். சட்டம் ஏட்டில் ஏறாத காலம். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்று ஆண்டில் முழுச் சட்டத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்பது அவர் வேலை. இப்படியொரு யூனிட்டை எந்த விளையாட்டாவது வைத்தால், கம்பளி யானையை விற்றுவிட்டு வாங்கலாம். ஸ்வீடனின் காட்லாண்ட் தீவில் ஸ்பில்லிங்ஸ் பண்ணையில் 1999இல் கிடைத்த வெள்ளிப் புதையல் சுமார் 67 கிலோ; அதில் 14,000க்கும் மேல் நாணயங்கள், பெரும்பாலும் அரபு திர்ஹம்கள். ஸ்டாக்ஹோமுக்கு அருகே ஹெல்கோ தீவில் 1956இல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெண்கலப் புத்தர் கிடைத்தார். ஆறாம் நூற்றாண்டையொட்டி இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் வார்க்கப்பட்டு, கை மாறிக் கை மாறிப் பனிநாடு வரை போனவர்.

அப்படிக் கிழக்கிலிருந்து போய்ச் சேர்ந்த சரக்கில் சதுரங்கமும் உண்டு. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் வெளிப்பட்ட காய்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டில், அநேகமாக நார்வேயின் ட்ரொண்ட்ஹைமில், வால்ரஸ் தந்தத்தில் செதுக்கப்பட்டவை. அதாவது, ஒரு வியூக விளையாட்டில் வடக்கத்திக்காரர்கள் தாங்களே வடிவமைத்துக்கொண்ட தங்கள் தரப்பு. ராஜா மடியில் வாளைக் கிடத்தி உட்கார்ந்திருக்கிறார். ராணி கன்னத்தில் கைவைத்து எதையோ யோசிக்கிறாள். ஆயர் தலைவளைந்த கோலைப் பிடித்திருக்கிறார். இந்தியாவில் தேராக இருந்து, பாரசீகத்தில் ரூக் ஆகி, நம் பக்கத்தில் யானை என்றும் கோட்டை என்றும் வழங்கும் அந்த மூலைக்காய், அங்கே கேடயம் பிடித்த காலாள். அவர்களில் சிலர் மட்டும் பெர்செர்க் வெறியில் கண்களை உருட்டி, கேடயத்தின் மேல்விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாகத் தெரியும்படி உளி ஓடியிருக்கிறது. தலையில் கூம்புத் தொப்பி. கொம்பு இல்லை.