பலி என்னும் சொல் தோட்டத்துக்கு வந்த வழி

மலாக்கா நகருக்கு வடக்கே பத்து பெரண்டாம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழருக்குப் பலி என்றால் முனீஸ்வரருக்கு வெட்டும் கிடாயும் சேவலுமே ஆகும். அச்சொல்லையே கிறிஸ்தவம் தன் மையக் கோட்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. 1706-இல் தரங்கம்பாடி வந்த ஜெர்மானிய மறைபரப்பாளர் சீகன்பால்கு 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். தமிழ் வேதாகமத்தின் 1871-ஆம் ஆண்டுத் திருத்தம் வழியே, கிருபை, ஆதாரம், பலி மூன்றும் இணைந்த 'கிருபாதாரபலி' என்னும் சொல் சீர்திருத்த சபையாரிடம் வேரூன்றியது. மனிதர் தம் பாவத்துக்கு ஈடாகக் கடவுளுக்குப் படைப்பது அன்று, கடவுளே தம் மகனை ஒரேமுறை ஈடாகத் தருவது என்பதே அதன் பொருள். கிடாய் வெட்டு ஆண்டுதோறும் திரும்ப வருவது, சிலுவைப்பலியோ திரும்பச் செய்யப்படாதது. வேறுபாடு இங்கேதான், சொல்லில் இல்லை. கத்தோலிக்கர் 'பூசை' என்றே வழங்கிவந்த வழிபாடு, 1962–65 வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தமிழில் நடக்கத் தொடங்கி, 'திருப்பலி' எனப் பெயர் பெற்றது. டச்சு ஆட்சியில் 1710-இல் எழுந்த மலாக்கா புனித பேதுரு ஆலயத்தில், அச்சிலுவைப்பலியை நினைந்து, பெரிய வெள்ளியன்று, இறந்த இயேசுவின் சுரூபத்தை மக்கள் மெழுகுவர்த்தி ஏந்திப் பவனியாகக் கொண்டுசெல்கின்றனர்.